பாய் கொட்டகையில் லண்டன் படம்

பயம் வந்தால் உங்களுக்கு என்ன ஆகும்? சிலருக்கு வயிறு கலங்கும். சிலருக்கு உள்ளங்கை வேர்க்கும். எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு காதும் அடைத்துப்போய் நின்றேன். கையில் மைக். எதிரே கொட்டகை கொள்ளாத ஜனம். தலைக்கு மேலே ஓலைக் கூரை. ஜனத்தில் பாதிப் பேர் வாயில் பீடி!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீரம் தெரியும். பல்லி மேலே விழுந்ததற்காக விடிய விடிய விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்ததை நானே எழுதியிருக்கிறேன். அருப்புக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர். வகுப்புக்குள் எல்லோரும் என்னைக் கண்டு பயப்படுவார்கள். வெளியே வந்துவிட்டால் நான் எல்லாவற்றையும் கண்டு பயப்படுவேன்.

அப்படிப்பட்டவள் அங்கே போய் எப்படி மாட்டிக்கொண்டேன்? எல்லாம் இந்த பிலிம் சொசைட்டியால் வந்த வினை.

எங்கள் ஊரில் பிலிம் சொசைட்டி ஆரம்பித்து ஆறு மாதமாகிறது. என்னையும் சேர்த்து மெம்பர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். செக்ரட்டரி ரங்கராஜன், பாங்க்கில் வேலை பார்க்கிறார். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த நாள் முதல், 'உலகத்தில் எப்படியெல்லாம் படம் எடுக்கிறார்கள், இங்கே ஒன்றுமே வருவதில்லையே' என்று மாய்ந்துபோகிறவர். மெட்ராஸுக்கும் மதுரைக்கும் அலைந்து மூன்று பிரிட்டிஷ் படங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். செவ்வாய்க்கு ஒன்றாக மூன்று வாரம்.

பிரிட்டிஷ் படம் என்றதும் துப்பாக்கி, கார் துரத்தல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரிலும் பெரிய கம்பெனிகள், பெரிய ஸ்டார்கள் எல்லாம் உண்டு. அவர்கள் பக்கமே போகாமல், நாலு பேர் சேர்ந்து ஒரு காமிராவைத் தூக்கிக்கொண்டு, தங்களுக்குத் தோன்றியதைத் தோன்றிய மாதிரி எடுத்த படங்கள் இவை. பாட்டு கிடையாது. சண்டை கிடையாது. நடிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தந்த ஊர்க்காரர்கள்தான்.

டவுன் தியேட்டர்களில் 'சண்டை கிடையாது' என்று நாங்கள் சொன்ன இடத்திலேயே காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திருச்சுழி ரோட்டில் டூரிங் டாக்கீஸ் நடத்தும் மைதீன் பாய் மட்டும்தான் முழுக்கக் கேட்டார். செவ்வாய்க்கிழமை எப்படியும் கொட்டகையில் ஈ ஓட்டுகிற நாள்.

"எத்தனை பேரு வருவாக டீச்சர்?"

"நாற்பது பேர் வந்தாலே பெரிய விஷயம் பாய்."

"அப்பச் செரி. நாப்பது பேரு கல்லெறிஞ்சா தாங்கிக்கிருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. போன வருஷம் ஒரு படத்தில் கடைசிச் சண்டையின்போது மெஷின் நின்றுபோனது. ஜனம் பொறுக்கவில்லை. திரையைக் கிழித்து, பெஞ்சை உடைத்து... யாரோ ஒரு புண்ணியவான் கூரை ஓலையில் தீக்குச்சியையும் வைத்துவிட்டான். நல்ல வேளை, உடனே அணைத்துவிட்டார்கள். பிறகு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இன்னொருக்கா கலாட்டான்னு பேச்சு வந்தா லைசன்ஸு கிடையாதுன்னுட்டாக டீச்சர். கொட்டகையப் பிரிச்சுற வேண்டியதுதான். ஒங்கள நம்பித்தான் குடுக்குறேன்" என்றார் பாய்.

என்னை நம்பி! பல்லிக்கு விளக்கேற்றியவளை நம்பி!

செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். தெருவில் மைக் சத்தம். பாய் கொட்டகையின் விளம்பர வண்டி. இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி, உள்ளே மைக்கோடு சுப்பையா.

"அன்பார்ந்த பொதுமக்களே! இன்று ஒரே ஒரு ஆட்டம்! லண்டனிலிருந்து நேராக வந்து இறங்கியிருக்கும் மாபெரும் இங்கிலீஷ் படம்! பயங்கரச் சண்டைக் காட்சிகள் நிறைந்தது! காணத் தவறாதீர்கள்!"

தயிர்சாதத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"சுப்பையா, அந்தப் படத்துல சண்டையே கிடையாதே!"

"இருக்கட்டும் டீச்சர். சண்டை இல்லன்னு எப்படிச் சொல்றது? நாக்கு வர மாட்டேங்குதே. சாமி படத்துக்கே இதத்தான் சொல்லுவேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல."

வண்டி பந்தல்குடி ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எடுத்த பாடம் என்ன என்று கேட்டால் எனக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனால்... திருவிழா! தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், பஞ்சு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், லாரியை ரோட்டோரம் போட்டுவிட்டு வந்த டிரைவர்கள். எல்லாரையும்விட அதிகம், சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் — மழையை நம்பிக் காடு உழுகிறவர்கள். இந்த மழைக்காலத்தில் சம்சாரிக்குக் கொட்டகையில் என்ன வேலை என்கிறீர்களா? காட்டில் வேலை இல்லை, அதுதான். ஐப்பசி பாதி போய்விட்டது, சொட்டு மழை இல்லை. வந்துவிடும் என்று நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் விதை மண்ணுக்குள்ளேயே வீணாகிவிடும். எறும்பு வேறு இழுத்துக்கொண்டு போகிறது.

பெண்கள் பக்கமும் நிறைந்திருந்தது. சில முகங்கள் தெரிந்த முகங்கள். போன வாரம் எங்கள் தெருவுக்கு மழைச்சோறு எடுக்க வந்தவர்கள். வீடு வீடாகச் சோறும் கஞ்சியும் வாங்கி, ஊர் எல்லையில் கூடி உட்கார்ந்து சாப்பிட்டு, 'எங்களைப் பிச்சை எடுக்க விட்டுட்டியே' என்று வானத்தைப் பார்த்து அழுவார்கள். அப்போதாவது மழைக்கு மனசு இரங்குமாம். நானும் ஒரு கரண்டி போட்டேன்.

படம் இங்கிலீஷ். யார் என்ன பேசுகிறார்கள் என்று மைக்கில் தமிழில் சொல்ல வேண்டியவர் ரங்கராஜன். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் பாங்க்கில் கணீரென்று இருந்த தொண்டை! பேசாமல் மைக்கை என் கையில் வைத்து, 'உங்களுக்குத்தான் கதை தெரியுமே' என்று ஜாடை காட்டினார்.

தெரியும். மதுரையில் அவர்கள் சொசைட்டியில் போட்டபோது பார்த்திருக்கிறேன். கதை இவ்வளவுதான் — மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பண்ணை. புருஷன், பெண்டாட்டி, கொஞ்சம் மாடுகள். பனிக்காலத்தில் மாட்டுக்குப் போட வேண்டுமென்று புல்லை அறுத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது. புல் அழுகினால் மாடு பட்டினி. மாடு போனால் பண்ணை போச்சு. ஒரு கட்டத்தில் அந்த மனிதர் வெளியே வந்து, வானத்தைப் பார்த்துக் கையை ஓங்கி, மழையை வாய்க்கு வந்தபடி வைகிறார்.

மதுரையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்த்தபோது கண் கலங்கினேன். இங்கே மைக்கைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. மழையை வைய வேண்டும். யார் வாயால்? என் வாயால்! யார் முன்னால்? மழைச்சோறு எடுத்தவர்கள் முன்னால்!

எங்கள் பக்கத்தில் மழையை வைவது சாமான்யப்பட்ட குற்றமில்லை. வைதால், வருகிற மழையும் திரும்பிப் போய்விடும் என்பார்கள். வாக்கப்பட்டு வந்த ஒரு வெளியூர்ப் பெண், காயவைத்த வடகம் நனைந்துவிட்டதென்று 'சனியன் பிடிச்ச மழை' என்று சொல்லப்போக, தெருவே திரண்டு வந்து சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல மழை பெய்த வருஷம். இது?

காது அடைத்தது அப்போதுதான்.

விளக்கை அணைத்தார்கள். பாய் கொட்டகையில் ஒரே மெஷின். ரீல் மாற்ற நிறுத்த வேண்டும், அதனால் ஒரு படத்துக்கு மூன்று இன்டர்வல். முதல் பாகம் மாடுகளால் தப்பித்தது. "மடியப் பார்றா!" "ஒரு வேளைக்கு எத்தன படி கறக்கும்?" என்று ஆண்கள் பக்கம் ஒரே பேச்சு. 'இது புருஷன், இது பெண்டாட்டி' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் இன்டர்வலில் ஆரம்பித்தது. முன்வரிசை பெஞ்சில் சிவப்புத் தலைப்பாக்கட்டோடு ஒரு நெட்டை மனிதர் எழுந்தார்.

"ஏலே சுப்பையா! சண்டை எப்பலே வரும்?"

"வரும்ணே, வரும்! கடேசில!" என்றான் சுப்பையா, கொஞ்சமும் கூசாமல்.

பாய் என் பக்கத்தில் குனிந்தார். "பந்தல்குடி வேலுச்சாமி. போன வருசம் மொதப் பெஞ்ச ஒடச்சது அவுகதான் டீச்சர்."

இதை அப்போது சொல்லாவிட்டால்தான் என்ன?

இரண்டாவது பாகத்தில் மழை வந்தது. முதலில் மலைமேல் ஒரு கறுப்பு. அப்புறம் ஜன்னலில் நாலு சொட்டு. அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. கொட்டகை சட்டென்று அடங்கிப்போனது. சோடா பாட்டில் உருளவில்லை. கைக்குழந்தைகூட அழவில்லை. எங்கள் பக்கத்தில் மழையை அங்குலத்தில் அளக்கிற வழக்கமில்லை. எத்தனை உழவுக்கு ஈரம் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. இருட்டில் யாரோ மெதுவாகச் சொன்னார்.

"அரை உழவு இருக்கும்."

"என்னத்தப் பாத்த? ஒரு உழவுக்குக் காணும்ல."

மறுபடி இன்டர்வல். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீக்குக்கூட ஒருத்தரும் எந்திரிக்கல டீச்சர். கத்துனா எனக்குப் பழக்கம். இப்படி இருந்தாத்தான் பயமா இருக்கு" என்றார் பாய்.

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பாய்... அடுத்த பாகத்துல அந்த ஆள் மழையை வைவார்."

பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா! மழையவா? டீச்சர், மாத்திச் சொல்லிருங்க. மழைக்கு நன்றி சொல்றாகன்னு சொல்லிருங்க. இங்கிலீசு யாருக்குத் தெரியப்போகுது?"

அதுவும் சரிதானே? யாருக்குத் தெரியப்போகிறது? சரி என்று தலையாட்டினேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவது பாகம். மழை விடவே இல்லை. அந்த மனிதர் அழுகின புல்லை ஒரு கை அள்ளிப் பார்க்கிறார். பெண்டாட்டி வாசலில் நின்று பேசாமல் பார்க்கிறாள். புல்லைக் கீழே போட்டுவிட்டு நடு வெளியில் போய் நிற்கிறார். தொப்பியைக் கழற்றி வீசுகிறார். வானத்தைப் பார்த்துக் கையை ஓங்குகிறார்... வாய் கிழியக் கத்துகிறார்...

நான் மைக்கில் சொன்னேன். "மழையே... உனக்கு ரொம்ப நன்றி என்கிறார்."

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மழைச்சோறு எடுக்க எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்த அம்மாளின் குரல் அது.

"டீச்சர், மென்னு முழுங்காமச் சொல்லுங்க. நன்றி சொல்றவன் கைய ஓங்குவானா? அந்த மனுசன் மழையத்தான வையிறாரு?"

திரையில் அந்த முகம் இவ்வளவு பெரிசாக. அதற்கு எதற்கு டீச்சர்? எதற்கு மைக்? இன்னொரு பொய் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். பொய்க்கும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

"ஆமா... மழையைத்தான் வையிறார்" என்றேன்.

வேலுச்சாமி எழுந்தார். தலைப்பாக்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். சுப்பையா மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றான், தீ வைத்தால் அணைக்க. பாய் கொட்டகைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிரிக்கப்போகிறார்கள் என்று இப்போதே பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. போச்சு, கொட்டகை போச்சு, நம்பிக் கொடுத்த மனுஷனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்... இதுதான் மனசில் ஓடியது.

வேலுச்சாமி திரைக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய நிழல் மழைக்குள்ளே விழுந்தது. கையை ஓங்கினார். அந்த வெள்ளைக்காரர் ஓங்கிய மாதிரியே.

"யோவ் வெள்ளக்காரரே! மழைய எதுக்குய்யா வையிறீரு? ஒமக்கு வேணாம்னா இங்கிட்டுப் பத்திவிடும்யா!"

மாட்டை ஓட்டிவிடச் சொல்கிற மாதிரி! பந்தல்குடிப் பக்கம் கையைக் காட்டி வேறு சொன்னார், வழி தப்பிவிடக்கூடாதே என்று.

யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் பெஞ்சு சிரித்தது, மணல் தரை சிரித்தது. "பத்திவிடும்யா!" "மல்லாங்கிணறுக்கு ரெண்டு உழவு!" "திருச்சுழிக்கு விட்ராதீரு!" என்று ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். பெண்கள் பக்கம் குலவை கிளம்பியது. அந்த வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் திரையில் நனைந்துகொண்டே நின்றார். பாய் கொட்டகைக் காலை விட்டார். நான் மைக்கோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிப் பாகத்தில் மழை நிற்கிறது. வெயில் அடிக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் மிஞ்சின புல்லைக் காயவைத்துப் படப்பாக அடுக்கிவிட்டு, முதல்முறையாகச் சிரிக்கிறார்கள். சுபம். மதுரையில் இந்த இடத்தில் கைதட்டினார்கள்.

இங்கே ஒரு கைகூடத் தட்டவில்லை. "நின்னுபோச்சே..." என்றாள் ஒரு பெண், எழவு வீட்டில் சொல்கிற மாதிரி.

விளக்குப் போட்டாயிற்று. ஜனம் எழுந்திருக்கவில்லை. சண்டை எங்கே என்று கேட்கப்போகிறார்கள், இனிமேல்தான் இருக்கிறது என்று நினைத்தேன். வேலுச்சாமி பாயிடம் வந்தார். குரலே மாறியிருந்தது.

"பாய், அந்த மழைய இன்னொருக்கா ஓட்டுங்களேன்."

மெஷின் ரூமிலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்து, படப்பெட்டி கட்ட வேண்டும் என்றார். "கட்டலாம்யா. மொதல்ல மழைய ஓட்டு" என்றார் பாய்.

ஓட்டினார்கள். நான் மைக்கைத் தொடவே இல்லை. திரையிலிருந்து வருகிற வெளிச்சத்தில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை, சிரிக்கவில்லை. சத்தம் போட்டவர்கள் எல்லாம் வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கண்ணிமைக்காமல் பார்த்தார்கள். மழைச்சோற்று அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெஞ்சை உடைத்த வேலுச்சாமியின் கை, மடியில், துண்டை முறுக்கி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான். அதுவரைக்கும் இருந்ததெல்லாம் பயமா? இந்தக் கூட்டம் என்ன செய்யுமோ என்று சாயங்காலம் முழுக்க நடுங்கினேனே — இந்தக் கூட்டம் எதற்கு நடுங்குகிறது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? கொட்டகை போனால் இன்னொரு கொட்டகை போடலாம். விதைத்தது முளைக்காவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள்? வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுத்தமான வானத்தைக் கண்டு நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

பாய் அடுத்த செவ்வாய்க்கும் தயார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் படத்துல மழை உண்டுமா டீச்சர்?" சுப்பையாவும் தன் வசனத்தை மாற்றிக்கொண்டுவிட்டான். 'பயங்கர மழைக் காட்சிகள் நிறைந்தது' என்று சொல்லப்போகிறானாம்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் வேலுச்சாமியைப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"வெதை இன்னும் கெட்டுப்போகல டீச்சர். நேத்துக் கிளறிப் பாத்தேன்" என்றார். பிறகு, "நீங்க இங்கிலீசு டீச்சர்தான? அந்த வெள்ளக்காரருக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுவிடுங்களேன்" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளுக்கு லீவு லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன்... மழையை இங்கிட்டுப் பத்திவிடச் சொல்லி லெட்டர் எழுத எந்தப் பாடத்திலும் இல்லையே!